போர் வந்தால் பிட்காயின் ஏறுமா?

"போர் வெடித்தால் பிட்காயின் வாங்கு, அது டிஜிட்டல் தங்கம்" என்று கதைப்பவர்களை நம்பாதீர்கள்.

2022 பெப்ரவரி 24இல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. அன்று பிட்காயின் 35,000 டொலருக்குக் கீழே விழுந்தது. ஆண்டு முடிவில் 17,000கூட இல்லை. 2024 ஏப்ரல் 13, சனிக்கிழமை இரவு ஈரான் இஸ்ரேலைத் தாக்கியபோதும் விலை சரிந்தது. வார இறுதியில் பங்குச் சந்தைகள் பூட்டு. பிட்காயின் சந்தைக்குப் பூட்டே இல்லை. பயந்த சனம் முதலில் அதைத்தான் விற்கும்.

நாளைய விலை தெரிந்தவர் உங்களுக்கு ஏன் சொல்லப் போகிறார்? ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இரவு வேலை செய்து சேர்த்த காசை அந்தக் கதைக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் அப்பா அம்மா போருக்குத் தப்பி வந்தவர்கள். போர்ச் செய்தியில் லாபம் தேட நமக்கு எப்படி மனம் வருகிறது?