ஏபோத்துக்குப் பின்னே வைத்த பட்டயம்



இந்த வாரத் தியானப் பகுதி: 1 சாமுவேல் 21:1-9, 22:6-23

நம் சபையில் வளர்ந்து, இப்போது அமெரிக்காவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் விடுமுறையில் வந்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, தம் கைப்பேசியிலிருந்த சில படங்களைக் காட்டினார். கண்ணாடிப் பேழை ஒன்றில், கருஞ்சிவப்பு வெல்வெட் துணியின்மேல், மூன்று பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகள். ஒன்று ஜெர்மானியரின் லூகர். மற்றொன்று அமெரிக்கரின் கோல்ட் 1911. மூன்றாவது இத்தாலியரின் பெரெட்டா 1934. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் முறையிலேயே அவற்றை வாங்கியிருக்கிறார். "ஐயா, இது வரலாறு. வீட்டில் ஒரு தோட்டாகூட இல்லை. இதில் என்ன பாவம்?" என்று கேட்டார்.

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணத்தையும் மறைக்காமல் சொல்லுகிறேன். அந்தப் படத்தை இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தவன் நான்தான். "அழகாயிருக்கிறதே" என்று முதலில் சொன்னதும் என் வாய்தான். ஆகையால் அவருடைய அனுமதியோடு எழுதும் இந்தப் பதில், அவருக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும் உரியது. நம் தேசத்தில் ஆயுதச் சட்டம் கடுமையானது, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணிவிடாதிருங்கள். பேழை நம் வீட்டில் இல்லாவிட்டாலும், அதே மோகம் கைப்பேசித் திரையில் நம் பிள்ளைகளுக்கு முன்பாக நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லூகர் உண்மையிலேயே அபூர்வமான கைவேலை. ஹியூகோ போர்ச்சார்ட் என்பவர் 1893-இல் வடிவமைத்த துப்பாக்கியைச் செம்மைப்படுத்தி ஜார்ஜ் லூகர் அதை உருவாக்கினார். 1900-இல் சுவிட்சர்லாந்து அதைத் தன் படைக்கு ஏற்றது. ஜெர்மானியக் கடற்படை 1904-இலும் தரைப்படை 1908-இலும் ஏற்றன. சுடும்போது அதன் பூட்டு, மனிதனின் முழங்கால் மடிவதைப்போல மேல்நோக்கி மடிந்து மீண்டும் நிமிர்கிறது. அதன் சின்னஞ்சிறு உறுப்புகளிலும் துப்பாக்கியின் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் உறுப்புகள் தனித்தனியே பொருத்தப்பட்ட காலம் அது. இத்தனை நுட்பத்தைக் கண்டு வியப்பது மனித இயல்பே.

ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: பாராபெல்லம். 'போருக்கு ஆயத்தமாகு' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொற்களிலிருந்து எடுத்த பெயர் அது. அதற்காக 1902-இல் உருவாக்கப்பட்ட 9 மில்லிமீட்டர் தோட்டாவே இன்றும் உலகெங்கும் மிகப் பரவலாகப் பயன்படும் கைத்துப்பாக்கித் தோட்டா. துப்பாக்கி ஓய்வுபெற்றுப் பேழைக்குள் படுத்துவிட்டது; அதன் தோட்டா ஓய்வுபெறவில்லை. 'பழையது, ஆகையால் தீங்கற்றது' என்ற வாதம் இங்கேயே பாதி விழுந்துவிடுகிறது.

மறுபாதியை விழத்தள்ளுவது அந்தச் சந்தையின் விலைப்பட்டியல். சேகரிப்போர் எதற்கு அதிகப் பணம் கொடுக்கிறார்கள்? எல்லா உறுப்புகளிலும் எண் ஒத்திருந்தால் விலை கூடும்; அது கைவேலைக்கான மதிப்பு என்று ஒப்புக்கொள்வோம். போர்க்களத்திலிருந்து அதைக் கொண்டுபோக அமெரிக்கச் சிப்பாய்க்கு அவனுடைய மேலதிகாரி கையொப்பமிட்டுக் கொடுத்த சீட்டு கூடவே இருந்தால் விலை இன்னும் கூடும். நாசிகளின் கொலைப் படைகளோடு தொடர்புடைய முத்திரை இருந்தால் மேலும் ஏறும். எவ்வளவு ஏறுமென்றால், அப்படிப்பட்ட முத்திரைகளைப் போலியாகப் பொறித்து விற்கும் வஞ்சகரும் உண்டு. சபையாரே, இதைச் சற்றே சிந்தியுங்கள். வேலைப்பாடுதான் விலைக்குக் காரணமென்றால், கொலைகாரனின் முத்திரையைத் திருட்டுத்தனமாகப் பொறிக்க வேண்டிய அவசியம் என்ன? அந்தச் சந்தையில் விற்பனையாவது வெறும் இரும்பன்று. மரணத்தின் வாசனையும் சேர்ந்தே விற்பனையாகிறது. வாங்குகிறவர் அதை அறியாதிருக்கலாம்; விலை அறிந்திருக்கிறது.

இப்போது வேதத்துக்கு வருவோம். நோபு என்னும் ஊரில், தேவனுடைய சந்நிதியில், கோலியாத்தின் பட்டயம் ஒரு துணியில் சுற்றப்பட்டு ஏபோத்துக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தது. 'ஆயுதத்தை நினைவுப்பொருளாக வைப்பது தவறென்றால், ஆசாரியர்களே ஏன் வைத்திருந்தார்கள்?' என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. சவுலுக்குத் தப்பி ஓடிவந்த தாவீது ஆயுதம் கேட்டபோது, அகிமெலேக்கு அந்தப் பட்டயத்தையே காட்டினான். அதற்கு நிகரானது வேறில்லையென்று சொல்லி தாவீது அதை வாங்கிக்கொண்டு போனான். கவண்கல்லோடும் கர்த்தருடைய நாமத்தோடும் அந்தப் பட்டயத்தை எதிர்த்து நின்ற அதே வாலிபன்தான், இப்போது அதன் மேன்மையைப் புகழ்ந்து கையில் ஏந்துகிறான்!

அடுத்த அதிகாரத்தை வாசிக்கும்போது நம் உள்ளம் நடுங்குகிறது. தோவேக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசாரியன்மேல் சவுல் சாட்டிய குற்றத்தில், அப்பத்தோடு அந்தப் பட்டயமும் சேர்ந்தது. 85 ஆசாரியர்கள் ஒரே நாளில் வெட்டுண்டார்கள். நோபு ஊரின் பெண்களும் குழந்தைகளும் பட்டயத்துக்கு இரையானார்கள். அந்தக் கொலைக்குக் காரணம் சவுலின் பொறாமை, பட்டயமன்று. ஆயினும் துணியில் சுற்றி, பரிசுத்த வஸ்திரத்துக்குப் பின்னாலேயே வைத்திருந்தபோதிலும், ஆயுதம் ஆயுதமாகவே இருந்தது. கை நீட்டும் ஒருவன் வரும்வரை அது காத்திருந்தது. பின்நாளில் அந்த மரணங்களுக்குத் தானே காரணமென்று தாவீது அபியத்தாரிடம் அறிக்கையிட்டான். நம் பேழைக்குள் இருப்பது, நம் கைக்குப்பின் யார் கைக்குப் போகும் என்று நமக்கு எழுதிக் கொடுத்தவர் யார்?

இனி, 'இது வரலாறு' என்ற வாதம். உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் அணிந்திருந்த ஆடையின் இரத்தக்கறை படிந்த பகுதி அங்கே இருக்கிறது. அந்த அறையில் பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய உடலில் பாய்ந்த மூன்று தோட்டாக்களும் ஒரு பெரெட்டா 1934-இலிருந்து வந்தவை. ஆம், நம் சகோதரரின் பேழையில் மூன்றாவதாக இருக்கும் அதே வகை. இத்தாலியப் படைக்காகச் செய்யப்பட்ட அந்தத் துப்பாக்கிகளில், ஆண்டோடு முசோலினி ஆட்சியின் ஆண்டுக்கணக்கையும் உரோம எண்களில் பொறித்திருப்பார்கள்; சேகரிப்போர் அதைத் தேடிப் பார்த்து மகிழ்வார்கள். மதுரையில் துப்பாக்கியில்லாத துணி இருக்கிறது. பேழையிலோ துணியில்லாத துப்பாக்கி இருக்கிறது. இவற்றில் எது வரலாறு?

இன்னொரு சாட்சி. 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில், 19 வயது வாலிபன் காவ்ரிலோ பிரின்சிப், ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொன்றான். முதல் உலகப் போருக்கு அது தீப்பொறியாயிற்று. இறந்தவர்களுக்காக இறுதிச் சடங்கு ஜெபம் செய்த அன்டோன் புன்டிகம் என்னும் இயேசு சபைக் குரு, இளவரசரின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் அமைக்க விரும்பி, அந்தக் கொலை தொடர்பான பொருட்களைத் தம்மிடம் வைத்திருந்தார். அவருடைய எண்ணம் நிறைவேறவில்லை. அவர் 1926-இல் மறைந்தபின்பும் துப்பாக்கி இயேசு சபையாரிடமே இருந்தது. 2004-இல் அவர்கள் அதை வியன்னாவின் இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இளவரசரின் இரத்தக்கறை படிந்த சீருடையும், அவர் அமர்ந்திருந்த மோட்டார் வண்டியும் உள்ள இடம் அது. துப்பாக்கி இருக்கத் தகுந்த இடம் அதுவே: இரத்தக்கறையின் அருகில். கொலைக் கருவியைக் கொலையுண்டவரிடமிருந்து பிரித்து, துடைத்து, எண்ணெய் பூசி, வெல்வெட்டில் படுக்கவைப்பது வரலாற்றைக் காப்பதன்று. வரலாற்றிலிருந்து சாட்சியைக் களைவதாகும். ஆபேலின் இரத்தத்தைப் பூமி மறைக்கவில்லை. அது தேவனை நோக்கிக் கூப்பிட்டது. பூமி செய்யாததை நம் வெல்வெட் செய்கிறது.

இரண்டாவது வாதம்: 'கைத்திறன் தேவனுடைய வரம் அல்லவா?' ஆம், பெசலெயேலுக்கு அந்த ஞானத்தைக் கொடுத்தவர் தேவனே. ஆனால் ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தூபால்காயீன் வெண்கலமும் இரும்பும் கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு ஆசாரியனாயிருந்தான் என்று சொன்ன உடனே, அவன் தகப்பன் லாமேக்கு தன் மனைவிகளுக்கு முன்பாகத் தன் கொலையைப் பெருமையாகச் சொல்லுகிறான். திறமைக்கும் கொலைப் பெருமைக்கும் நடுவில் வேதம் ஒரு வசனத்துக்குமேல் இடம்விடவில்லை. திறமை வரமே, அந்த வரம் எதற்காகச் செலவிடப்பட்டது என்று கேளாமல் வியப்பது விவேகமன்று.

மூன்றாவது வாதமே என்னை அதிகமாக வருத்தியது. "ஐயா, சிலுவையும் கொலைக்கருவிதானே? அதைக் கழுத்தில் அணிகிறோமே" என்றார் சகோதரர். உண்மை; உரோமப் பேரரசின் கொடிய கொலைக்கருவி அது. ஆனால் அதை அறைந்த தச்சனின் திறமையை வியந்து எந்தக் கிறிஸ்தவனும் அதை அணிவதில்லை. அதில் மரித்தவருக்காக அணிகிறோம். சிலுவையைப் பார்க்கும்போது நாம் நிற்பது ஆணியடித்தவன் பக்கத்தில் அல்ல, அறையப்பட்டவர் பக்கத்தில். பேழைத் துப்பாக்கியைப் பார்க்கும்போதோ, அதன் கைப்பிடியை மனதுக்குள் பற்றிப் பார்க்கிறோம், குறிபார்க்கிறோம். நாம் எப்போதும் குழலுக்குப் பின்னால் நிற்கிறோம், முன்னால் நிற்பதேயில்லை. வேறுபாடு அதுதான். நம் சபையில் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் துப்பாக்கியைப் பற்றி இரசித்துப் பேசி நான் கேட்டதில்லை. குழலுக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? சகோதரரே, உமக்கு நான் கட்டளையிடவில்லை. ஆனால் என் மனதை மழுப்பவும் மாட்டேன். அவற்றை விட்டுவிடும். இலாபத்துக்கு இன்னொரு பேழைக்கு விற்பது விடுதலையன்று. இரத்தக்கறைக்கு அருகில் வைக்கும் அருங்காட்சியகம் ஒன்று ஏற்றுக்கொண்டால் கொடும். இல்லையேல் இனி ஒருபோதும் சுட முடியாதபடி சட்டமுறைப்படி அழித்துப்போடும். ஏசாயா கண்ட தரிசனத்தில் ஜாதிகள் தங்கள் பட்டயங்களைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கவில்லை; நிலத்தைப் பண்படுத்தும் கருவிகளாக உருமாற்றினார்கள். கிதியோன் கொள்ளையில் கிடைத்த பொன்னால் செய்துவைத்த ஏபோத்து, அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று என்பதையும் மறவாதிரும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை திரையில் ஒரு பழைய துப்பாக்கியைக் கண்டு வியக்கும்போது அதட்டாதிருங்கள். 'இதற்கு முன்னால் நின்றது யார்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். கேட்டுப் பழகிய பிள்ளை வளர்ந்தபின் பேழை வாங்காது.

அழகாயிருக்கிறதே என்று சொன்ன என் வாயைக் கர்த்தர் மன்னிப்பாராக.

ஜெபம்: சமாதானப் பிரபுவே, கெத்செமனேயில் பேதுருவின் பட்டயத்தை உறைக்குத் திருப்பினீர், அவன் வெட்டிய காதையும் தொட்டுச் சுகமாக்கினீர். வெட்டிய இரும்பை வியக்கும் எங்கள் கண்களைக் காயப்பட்டவரிடமாய்த் திருப்பும். எங்கள் வீடுகளில் மரணத்தின் நினைவுப்பொருட்கள் அல்ல, உம்முடைய ஜீவனே வாசம்பண்ணட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.