கான்கிரீட் நீர்மூழ்கியா? சிரிக்காம கேளுங்க

"சிமெண்ட்ல நீர்மூழ்கி செய்யலாம்"னு சொன்னா உடனே சிரிக்கறாங்க மக்கள். கொல்லிமலைக்காரனுக்கு கடலைப் பத்தி என்ன தெரியும்னு ஒரு நக்கல் வேற. அழுத்தக் கணக்கு மலைக்கும் கடலுக்கும் ஒண்ணுதாங்க.

1.5 மீட்டர் வெளிவிட்டம், 10 செ.மீ. தடிமன்ல ஒரு கான்கிரீட் உருண்டையை எடுத்துக்கங்க. எடை சுமார் 1.5 டன். அது தள்ளுற கடல் தண்ணியோ 1.8 டன். அதனால மிதக்கும். 100 மீட்டர் ஆழத்துல சுவருக்குள்ள வர்ற அழுத்தம் ஏறக்குறைய 4 மெகாபாஸ்கல். நம்ம பாலங்களுக்கு ஊத்துற எம்40 கான்கிரீட் தாங்குறது 40. இழுத்தாதான் கான்கிரீட் விரியும், நசுக்கினா அசையாது. கடல் செய்யறது நசுக்கறது மட்டும்தானே! அமெரிக்கக் கடற்படை 1971-ல 66 அங்குல கான்கிரீட் கோளங்கள் 18-ஐ கலிஃபோர்னியா பக்கம் கடலுக்கடியில வருஷக்கணக்கா வச்சுப் பாத்திருக்கு.

2023 ஜூன்ல டைட்டன் நொறுங்கி அஞ்சு பேர் செத்தப்புறம், "வழக்கமில்லாத பொருள், அதான்"னு ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினாங்க. எனக்கு இது சுத்தமா ஒத்துக்கல. இழுவைக்குப் பேர்போன கார்பன் நாரை நசுக்குற வேலைக்கு வச்சாங்க, சரி. ஆனா வெளியாள் யாரும் சரிபார்த்துச் சான்றிதழ் குடுக்காத வண்டியில காசு வாங்கிட்டு ஆள ஏத்தினாங்களே, அதைப் பொருள் மேல போட முடியுமா?

பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி.யைப் பாருங்க. மத்ஸ்யா 6000-க்கு 2.1 மீட்டர் விட்டம், 80 மி.மீ. தடிமன்ல டைட்டானியம் கோளம்னு திட்டம். ஆனா அதுக்கு முன்னாடியே எஃகுல ஒரு கோளம் செஞ்சு, 2021-ல வங்கக்கடல்ல 600 மீட்டர் வரை ஆளில்லாம இறக்கிப் பாத்தாங்க. உசந்த உலோகம்தானேன்னு அவங்களே சும்மா இருக்கல.

அதுக்காக நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுடாதீங்க :-) உருண்டை தாங்கிடும். கதவுக்கும் கண்ணாடிக்கும் ஓட்டை போட்ட இடம்? கான்கிரீட்டும் இரும்பு வளையமும் சேருற விளிம்பு? கலவையில தங்குன காத்துக்குமிழி? சிரிக்கறவங்க யாரும் இதைக் கேக்கறதில்ல. "நம்மாளு கண்டுபிடிச்சுட்டான்"னு கைதட்டறவங்களும்தான். ஆளில்லாம எத்தனை தடவை இறக்கினீங்க, எந்த ஆழத்துல உடைஞ்சுது? இந்த ரெண்டுக்கும் பதில் வச்சிருக்கறவன் சிமெண்ட்ல செஞ்சாலும் நான் உள்ள உக்காருவேன்.