வீட்டுக் கொட்டகையில் ஒரு மகிழுந்து

தெலுக் இந்தானில் ஓர் இளைஞர் பழைய வாகனம் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையில் வைத்தால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்? “பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான்” என்பார்கள். அதன்மேல் தாமே கூண்டு கட்டி, 1930ஆம் ஆண்டுகளின் மகிழுந்தைப் போன்ற ஒன்றை உருவாக்கப் போவதாக அவர் சொன்னால் சிரிப்பு இன்னும் கூடும். இத்தகைய முயற்சியை வெறும் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இது பொறுப்போடு கற்க வேண்டிய ஒரு கைத்தொழில். உரிய வழிகாட்டலும் முறையான பரிசோதனையும் இருந்தால், ஊக்குவிக்கப்பட வேண்டிய ஒன்று.

மகிழுந்தின் கூண்டைத் தனியாகக் கட்டுவது புதிய வழக்கம் அன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் இயந்திரம் பொருத்திய அடிச்சட்டத்தை மட்டுமே விற்றது. வாங்கியவர் அதைக் கூண்டு கட்டும் பட்டறைக்கு அனுப்பித் தமக்கு விருப்பமான வடிவத்தைப் பெற்றார். 1949இல் வெளிவந்த சில்வர் டான்தான், தொழிற்சாலையிலேயே கட்டிய கூண்டுடன் விற்கப்பட்ட முதல் ரோல்ஸ் ராய்ஸ். இன்றைய மகிழுந்துகள் பெரும்பாலானவற்றில் கூண்டும் அடிச்சட்டமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. தகட்டுக் கூண்டே பளுவைத் தாங்குவதால், அதை வெட்டினால் வாகனத்தின் வலிமை குன்றிவிடும். ஆதலால்தான் வீட்டில் கட்டுவோர் லேண்ட் ரோவர், வோக்ஸ்வேகன் பீட்டல் போன்று கூண்டைத் தனியே கழற்றக்கூடிய பழைய வாகனங்களைத் தேடுகின்றனர்.

தமிழர்களுக்கும் இத்தொழிலுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. 1840இல் சென்னையில் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டிகளைக் கட்டியது. 1903இல் அங்கேதான் இந்தியாவின் முதல் நீராவி மகிழுந்து உருவானது. இன்றும் கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுவது பலருக்குச் சோறு போடும் தொழிலாக இருக்கிறது. கோயம்புத்தூரின் ஜி.டி.நாயுடு இளமையில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதைக் கழற்றி மாட்டியே இயந்திர நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். பட்டறையில் கற்ற அந்தப் பாடம்தான் அவரைப் பிற்காலத்தில் பெரிய தொழிலதிபராக்கியது.

தெலுக் இந்தான் வட்டாரத்திற்கும் இக்கைத்திறன் அந்நியமானது அன்று. அருகிலுள்ள ஜெண்டராட்டா 1906இல் ரப்பர் தோட்டமாகத் தொடங்கப்பட்டது. பின்னர் அங்கே செம்பனை வந்தது. செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு செல்ல, தோட்டத்திற்குள் சிறு தண்டவாளங்களும் போடப்பட்டன. இத்தகைய தோட்டங்களில் லாரியோ டிராக்டரோ பழுதானால் உதிரிப்பாகம் வரும்வரை வேலையை நிறுத்தி வைக்க முடியாது. பட்டறையில் இருந்த கொல்லரும் தச்சரும் பற்றவைப்பவரும் கையில் கிடைத்ததைக் கொண்டு அதைச் சரிசெய்தனர். அவர்களின் திறன் சான்றிதழில் எழுதப்படவில்லை. கையில் மட்டுமே இருந்தது. அவர்கள் ஓய்வு பெற்றபோது அதுவும் அவர்களுடனேயே வீட்டுக்குப் போய்விட்டது. அத்திறனை அடுத்த தலைமுறையின் கைக்கு மாற்ற, சேர்ந்து செய்யும் ஒரு வேலை தேவை. ஒரு மகிழுந்துக்குக் கூண்டு கட்டுவது அத்தகைய வேலை.

இம்முயற்சி கற்பிப்பவை பல. முதலில் அடிச்சட்டத்தையும் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து, முழு அளவில் வரைபடம் வரைய வேண்டும். பிறகு மரத்தாலோ இரும்புக் குழாயாலோ கூண்டின் எலும்புக்கூட்டை அமைக்க வேண்டும். அதன்மேல் போர்த்தும் தகட்டை மணல் மூட்டையின் மீது வைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைக்க வேண்டும். இடப்பக்கத்து மட்கார்டின் வளைவு வலப்பக்கத்திலும் அப்படியே வர வேண்டும். அளவு சற்றே பிசகினாலும் கதவு சரியாக மூடாது. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்னும் பழமொழியின் பொருள் அப்போது விளங்கும். அலுமினியத் தகடு இரும்பை நேரடியாகத் தொட்டால் ஈரக்காற்றில் அரிமானம் ஏற்படும். பேராக் ஆற்றங்கரையில் உள்ள ஊரில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. ஆகவே இரண்டிற்கும் இடையில் ரப்பரோ வேறு காப்புப் பொருளோ வைக்க வேண்டும். கணிதமும் இயற்பியலும் வேதியியலும் இவ்வாறு பாடநூலை விட்டு இறங்கிக் கைக்கு வருகின்றன.

இதற்கு ஆகும் செலவும் காலமும் வீண் என்று சிலர் கூறுவர். அத்தொகையில் ஓடக்கூடிய பழைய மகிழுந்தையே வாங்கிவிடலாம் என்பது அவர்களின் வாதம். போய்வருவதற்கு மட்டும் வாகனம் தேவைப்படுவோருக்கு அவ்வாதம் பொருந்தும். ஆனால், தகடு வளைக்கவும் பற்றவைக்கவும் சாயம் பூசவும் கற்றவருக்கு அத்திறன் வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும். மகிழுந்து முற்றுப்பெறாமல் போனாலும் கற்ற தொழில் வீணாவதில்லை.

பாதுகாப்பைப் பற்றிய ஐயமே வலுவானது. இதற்குத் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரமே சான்று. 1885இல் கட்டப்பட்ட அக்கோபுரம், மென்மையான நிலமும் மேலே இருந்த நீர்த்தொட்டியின் பளுவும் சேர்ந்து ஒருபுறம் சாய்ந்தது. சாய்ந்த கோபுரத்தைக் காணச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். சாய்ந்த மகிழுந்தைச் சாலை மன்னிக்காது. அதில் ஓட்டுநரின் உயிரோடு பிறர் உயிரும் அடங்கியுள்ளது. மலேசியாவில் வாகனத்தின் அமைப்பை மாற்றுவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். இவ்விதியைத் தடையாகக் கருதுவது தவறு. பிரிட்டனில் வீட்டில் கட்டிய மகிழுந்துக்கெனத் தனிப்பட்ட பரிசோதனை உண்டு. பிரேக், விளக்கு, இருக்கை வார் மட்டுமன்றி, பாதசாரியைக் காயப்படுத்தக்கூடிய கூர்மையான விளிம்புகளையும் சோதிக்கிறார்கள். ஆர்வம் உள்ளவர் முதலில் வரைபடத்துடன் அதிகாரிகளை அணுகி, அனுமதிக்கப்படுவது எது என்று கேட்டறிந்த பிறகே சுத்தியலைக் கையில் எடுக்க வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.

ஒழுங்கோடு தொடரும் முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மலேசியாவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1986இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜெரி கூரி என்பவர் தமக்கும் தம் சகோதரர் இருவருக்கும் மூன்று மகிழுந்துகளைக் கையாலேயே கட்டத் தொடங்கினார். பழங்காலத் தோற்றம் கொண்ட அவற்றைக் கண்டவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டனர். அவ்வாறு பிறந்த புஃபோரி நிறுவனம் பின்னர் மலேசியாவுக்கு இடம்பெயர்ந்தது. கோலாலம்பூரின் கெப்போங்கில் உள்ள அதன் தொழிற்சாலையில் மகிழுந்துகள் இன்றும் கையால் உருவாக்கப்படுகின்றன.

எல்லாரும் தொழிற்சாலை தொடங்க வேண்டும் என்பதில்லை. தொழிற்கல்லூரிகள் ஓய்வு பெற்ற தோட்டப் பட்டறைத் தொழிலாளர்களை அழைத்து, மாணவர்களோடு ஒரு பழைய அடிச்சட்டத்தின் அருகில் நிற்க வைத்தாலே போதும். வாகனக் கழகங்கள் கருவிகளைப் பகிரலாம். பெற்றோர் சிரிப்பதற்கு முன் வரைபடத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அளக்கத் தெரிந்த கை, பொறுமை கற்ற மனம், விதியை மதிக்கும் பண்பு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடம் எதுவாயினும் அது பள்ளிக்கூடமே. அது வீட்டுக் கொட்டகையாக இருந்தாலும் சமுதாயம் அதற்குரிய மதிப்பை வழங்க வேண்டும்.