இரண்டு கிலோ என்ன பெரிய விஷயமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நிகத் ஜரீன் ரெண்டாவது ஆட்டத்திலேயே தோற்றதும், "ரெண்டு தடவை உலக சாம்பியன்னாங்களே!" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் பலர். எனக்கு அது பொறுக்கவில்லை.

நிஜாமாபாத் பெண்ணான நிகத், 2022-ல் இஸ்தான்புல்லில் உலகப் பட்டம் வாங்கியது 52 கிலோ பிரிவில். பாரிசில் அந்தப் பிரிவே கிடையாது! பெண்களுக்கு 50 கிலோ, விட்டால் 54. அதனால் கீழே இறங்கினார். 2023-ல் டெல்லியில் 50 கிலோவிலும் பட்டம் வாங்கினார்.

நாம் இட்லியைக் குறைத்து ஆறு மாசத்தில் இறக்குகிற ரெண்டு கிலோ இல்லை தோழிகளே இது. ஆட்டமுள்ள ஒவ்வொரு நாளும் காலையில் தராசில் ஏறணும். அதற்காக ரெண்டு நாள் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தோற்ற பிறகு அவரே சொன்னார். பச்சைத் தண்ணீர் இல்லாமல் சண்டைக்கு நிற்பதா? ஆனால் அவரை ஜெயித்த சீனாவின் வூ யூவும் 52-லிருந்து இறங்கி வந்தவர்தான், அதையும் சொல்லணும். தங்கமும் வூ யூவுக்கே.

மேரி கோமுக்கோ நேர் எதிர். 2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டையை முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். ஆண்களுக்குப் பத்துப் பிரிவு, பெண்களுக்கு மூன்றே மூன்று! ஆகக் குறைந்ததே 51 கிலோ. 46, 48 கிலோவில் ஜெயித்து வந்தவர், தன்னைவிடக் கனத்த பெண்களோடு மோதி வெண்கலம் வாங்கினார்.

நிகத் பிறகு 51 கிலோவுக்கு ஏறினார். 2025 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அவருக்குத்தான் தங்கம்.