காடு தனித்திருந்ததில்லை

வன்னியென்றால் காடு, காடென்றால் மனிதர் வாழா வெற்றிடம், அங்கே எவரேனும் வாழ்ந்திருப்பின் அவர் உலகறியா வேடர். இப்பாடத்தை நாம் இன்னும் எத்தனை காலம் மாணவர்க்குப் புகட்டப் போகிறோம்?

இரணைமடுவின் சரளைப் படைகளில் கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன. பூநகரியில் வெளிப்பட்ட கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு உறவு கொண்டாடுகின்றன. உலகறியா நிலமா இது?

கண்டியரசில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறையிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடரின் பண்டமாற்றை விவரிக்கின்றார். இரவில் இறைச்சியைக் கொணர்ந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவர். வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் அருகே தொங்கவிடுவர். கொல்லன் அவ்வண்ணமே செய்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிடின் இருளில் அம்பு வரும். வன்னிக்குத் தெற்கேயுள்ள ஹுறுளுப் பகுதி வேடரோ ஊரவரிடம் வந்தே வாங்கியும் விற்றும் சென்றனர்.

முகங்காட்டாது மாற்றிக்கொள்வது அநாகரிகமென்பர் சிலர். கார்த்தேஜ் வணிகர் ஆபிரிக்கக் கரையில் பண்டங்களை வைத்து விலகி, எதிரே பொன் வைக்கப்படும்வரை காத்திருந்தனரென ஹெரொடோட்டஸ் எழுதினார். இரு திறத்தாரும் வஞ்சித்ததில்லை என்றும் எழுதினார். அங்கே நேர்மையெனப்பட்டது இங்கே மட்டும் காட்டுமிராண்டித்தனமாவது எங்ஙனம்? அம்பு வடிவில் வெட்டிய இலை ஓர் ஒப்பந்தப் பத்திரமன்றோ?

யானையின் கதையும் இதுவே. வன்னியர்கள் ஒல்லாந்தக் கம்பனிக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினர். வன்னி யானைகள் யாழ்ப்பாணத்துத் துறைகளிலிருந்து கடல் கடந்து இந்தியாவுக்கு விற்கப்பட்டன. ஏடுகளில் வன்னியரின் பெயருண்டு. கம்பனியின் வரவு செலவுமுண்டு. தடம் பார்த்து, உயிரைப் பணயம் வைத்து யானை பிடித்தவனின் பெயர் எங்கே?

இக்குற்றம் அந்நியனுடையது மட்டுமன்று. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டார வன்னியனைப் போற்றுகிறோம், அது தகும். ஆனால் தலைவனோடு நின்றுவிடும் வரலாறு பாதி வரலாறே.

'ஆளில்லாக் காடு' என்ற பொய் வெறும் பழங்கதையுமன்று. ஆளில்லையென்று எழுதப்பட்ட நிலத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம். 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய வன்னி மக்கள் பலர், தாம் உழுத நிலம் வனமென எல்லையிடப்பட்டிருக்கக் கண்டனர். ஏட்டில் நிகழ்ந்த இருட்டடிப்பு நிலத்தில் எல்லைக் கல்லாக எழுந்து நிற்கிறது!

ஆசிரிய நண்பர்களே, வன்னியின் வரலாற்றை அரசர் பட்டியலிலிருந்து அன்று, கொல்லன் பட்டறையில் தொங்கிய அந்த இலையிலிருந்து தொடங்குவோம். அதை வெட்டிய கைகளுக்கு வரலாறு இன்னும் கடன்பட்டிருக்கிறது.