கூகுள் எர்த் காட்டினால் போதுமா, பேராசிரியரே?

நான் படித்தது பி.காம்., வேலை வங்கியில். ஜியாலஜியில் உனக்கென்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்.

புனேயில் எங்கள் குடியிருப்பில் எம்.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் கல்லூரியில் கூகுள் எர்த் "கற்றுத் தருகிறார்கள்". எப்படி என்கிறீர்கள்? பேராசிரியர் புரொஜெக்டரில் லோனார் பள்ளத்தில் இறங்குவார், இமயமலையில் ஏறுவார். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பரீட்சையில் "விர்ச்சுவல் குளோபின் நன்மைகள் ஐந்து எழுதுக" என்று ஒரு கேள்வி.

இது பாடமா, பயாஸ்கோப்பா?

எங்கள் வாத்தியார் பேலன்ஸ் ஷீட்டைச் சுவரில் ஒட்டி வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. ஜர்னல் எழுத வைத்தார், லெட்ஜரில் ஏற்ற வைத்தார், டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாமல் அழ வைத்தார். அப்படித்தான் கணக்கு வந்தது.

இங்கேயும் அதேதான். கூகுள் எர்த்தில் தகவலை ஏற்றும் கே.எம்.எல். ஃபைலை நோட்பேடிலேயே எழுதலாம். காசும் கேட்பதில்லை, வருஷத்துக்கு 399 டாலர் என்று விற்ற ப்ரோ பதிப்பே 2015 முதல் இலவசம். மாணவர்களை மாலின் கிராமத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கே.எம்.எல்.லில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு: 73.69, 19.16. மாற்றிப் போட்டால் கிராமம் நார்வேக்கு வடக்கே கடலில் போய் விழும். அந்த ஒரு தப்பு கற்றுத் தருவதைப் பத்து லெக்சர் தராது.

ஏன் மாலின்? 2014 ஜூலை 30 அன்று இதே புனே மாவட்டத்தில் மலை சரிந்து அந்த ஊரில் 150 பேருக்கு மேல் மாண்டார்கள். 2023 ஜூலையில் ராய்கட் மாவட்டத்து இர்ஷால்வாடியிலும் அதே கதை. அடுத்த ஊரின் சரிவைப் பார்த்து எச்சரிக்க வேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

கூகுள் எர்த்தில் மலை உயரத்தை 3 மடங்கு வரை கூட்டிக் காட்ட ஒரு செட்டிங் உண்டு. அதில் 20 டிகிரி சரிவு சுமார் 47 டிகிரி போல நிற்கும். வேடிக்கை பார்த்தவன் அதை அப்படியே நம்புவான். தன் கையால் தகவல் ஏற்றிப் பழகியவள் முதலில் அந்த செட்டிங்கைத்தான் பார்ப்பாள்.

"அதுக்குத்தான் ஃபீல்டு டிரிப் இருக்கே" என்பார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? போகும் முன் சரிவையும் ஓடையையும் குறித்துக்கொண்டு போகட்டும். திரும்பி வந்து, தாங்கள் அளந்ததை அதன்மேல் ஏற்றி, டேலி ஆகிறதா என்று பார்க்கட்டும்.

ஐயா, அந்த "நன்மைகள் ஐந்து" கேள்வியைத் தூக்கிவிட்டு, ஆளுக்கொரு ஃபைல் கேளுங்கள். முதலில் மவுஸை அவர்கள் கையில் கொடுங்கள்.