5 வாட் போதும்... ஆனால் தூக்கம்?

"மொட்டை மாடியில ஏன் டாக்டர் இவ்ளோ நீளமா கொடி கட்டியிருக்கீங்க?" என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். துணி காயப்போடும் கொடி இல்லம்மா, ஏரியல் என்றேன். நான் நாடி பார்க்கிற சித்த வைத்தியன்தான். கூடவே, அரசாங்க லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன். அப்பா தந்தி ஆபீசில் இருந்தவர். தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. அந்த 'டிட்-டா' மட்டும் என் விரலில் தங்கிவிட்டது.

நவம்பரின் கடைசி சனி, ஞாயிறில் 'சிக்யூ வேர்ல்டு வைடு' என்ற மோர்ஸ் போட்டி நடக்கும். நம் நேரப்படி சனி காலை 5.30 முதல் திங்கள் காலை 5.30 வரை, 48 மணி நேரம்! எதிரில் இருப்பவருக்கு 599 என்று சிக்னல் மார்க் போட்டு, நம் பகுதி எண்ணைச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கு 22. அவ்வளவுதான் பேச்சு. நான் சேருவது 5 வாட்டுக்கு மேல் போகக் கூடாத பிரிவில். உங்கள் ஹாலில் எரிகிற 9 வாட் எல்.இ.டி. பல்பைவிடக் குறைவு!

இவ்வளவு சின்ன சக்திக்காரன் மற்றவர்களோடு சேர்ந்து கத்திப் பயனில்லை. காத்திருந்து, இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். ஒருமுறை பின்லாந்துக்காரர் ஒருவர் என் அழைப்புக் குறியில் பாதியைப் பிடித்துவிட்டு, மீதிக்காக நான்கு தடவை பொறுமையாகத் திருப்பிக் கேட்டார். வயதானால் காதில் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான். மோர்ஸின் சுருதியையோ நமக்குத் தோதாகத் தாழ்த்திக்கொள்ளலாம். ரிட்டயரானவர்களுக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

ஆனால் கண் விழிப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், சிறுநீர், தூக்கம் எல்லாம் அதில் உண்டு. போட்டியில் உட்கார்ந்தவன் இந்த நாலையும் ஒரே ராத்திரியில் அடக்குகிறான். 'இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன்' என்று பாத்ரூம் போகாமல் உட்கார்ந்திருக்கிறான். அதில் பெருமை வேறு!

நானும் அப்படித்தான் இருந்தேன். 2022-ல் இரண்டு ராத்திரியும் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒரு பெரியவரின் கையைப் பிடித்தேன். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் பார்க்க வேண்டும். மூன்றிலும் டிட்-டாதான் ஓடியது! "நாளைக்கு வாங்கய்யா" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

மறு வருஷம் இரவு 10 மணிக்குச் செட்டை அணைத்தேன். காலை 4 மணிக்குத்தான் எழுந்தேன். 112 தொடர்பு 87 ஆகக் குறைந்தது. குறையட்டுமே! "ராத்திரிலதான் சார் சில நாடே கிடைக்கும்" என்கிறார்கள் இளவட்டங்கள். உண்மைதான். அந்த நாடுகளை நான் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. நவம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். இடி வரும் முன்பே ஏரியல் வயரைச் செட்டிலிருந்து கழற்றி வையுங்கள். மின்சாரக் கம்பி பக்கம் ஏரியலைக் கொண்டுபோகவே கூடாது.

எங்கள் வீட்டில் இந்த வருஷக் கம்பி ஏறியாயிற்று. முதல் நாளே அதில் ஒரு போர்வை காய்ந்தது.